நாலைத் தாண்டாத மீட்டர்

பாய்,

இன்று காலை மொட்டை மாடியில் சோலார் பேனல்களை ஈரத்துணியால் துடைத்தேன். புழுதி நனைந்த வாசம் வந்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நல்லா அழுத்தித் துடைங்க சார், காக்கா கோலம் போட்டு வச்சிருக்கு" என்று அதட்டுவீர்கள். இப்போது அதட்ட ஆளில்லை. வாளியை நானே தூக்கிக்கொண்டு இறங்குகிறேன்.

நம் குடியிருப்புக்கு நீங்கள் செயலாளராக இருந்தபோதுதான் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் என்று இதைப் போட்டோம். ஐந்து கிலோவாட் என்றுதான் வாங்கினீர்கள். மாட்டிய நாளிலிருந்து மீட்டர் நாலைத் தாண்டவில்லை. பம்மலில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர் நீங்கள். பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவா வேண்டும்? கத்திரி வெயிலில் நடந்த கூட்டத்தில் இரண்டாம் மாடிக்காரர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"இம்மாம் வெயில் கொளுத்துது, கரண்ட் கொறஞ்சிகினே போவுது. இன்னா பாய் இது? மட்ட சரக்க தள்ளிட்டு கமிஷன் அடிச்சிட்டியா?"

உங்களைவிட வயதில் சின்னவர் அவர். நீங்கள் "தூசி சார், தொடச்சா ஏறும்" என்று மட்டும் சொன்னீர்கள். பாய் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் கத்தினேன். காரணம் தெரியாதவன் வேறென்ன செய்வான்?

அதன்பிறகு கடையைப் பாதியில் விட்டுவிட்டு உச்சி வெயிலில் வந்து துடைக்க ஆரம்பித்தீர்கள். தண்ணீர் பட்டதும் எண் கொஞ்சம் ஏறும். "சார், ஓடியாங்க, ஏறுது!" என்று மாடியிலிருந்து கூப்பிடுவீர்கள். நான் மூச்சு வாங்க ஏறி வருவதற்குள் அது இறங்கியிருக்கும். உங்கள் முகமும் இறங்கியிருக்கும். ஒரு நாள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டீர்கள்: "சார், என்னையே எவனாச்சும் ஏமாத்திட்டானோ?"

கொஞ்ச நாளில் கடையிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுபோய்விட்டீர்களே என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது.

போன வாரம் இன்வெர்ட்டரைப் பார்க்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"சார், அந்த அஞ்சு லேப்ல அளந்தது. பேனல் இருபத்தஞ்சு டிகிரி சூட்டுல இருக்கறப்ப. உங்க மாடில தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது, தொட்டுப் பாருங்க. சூடு ஏற ஏற பவர் குறையும். அப்புறம் தூசி, ஒயர், இன்வெர்ட்டர்னு ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிடும். நாலு கிட்ட வர்றதே நல்ல பேனல்னு அர்த்தம்."

தொட்டுப் பார்த்தேன் பாய், கை சுட்டது. வெயில் ஏறினால் ஏன் குறைகிறது என்று உங்களை மடக்கினார்களே, அந்தக் கேள்விக்குள்ளேயே உங்கள் நியாயம் இருந்திருக்கிறது. துடைத்ததும் எண் ஏறியது தூசி போனதால் மட்டுமல்ல, சூடு தணிந்ததாலும்தான். பதிலைக் கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள், நமக்குத்தான் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். இரண்டாம் மாடிக்காரர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, "அப்டியா? சரி சார், அது பழங்கத. லிஃப்டு இன்னா ஆச்சு?" என்றார். மற்றவர்களும் லிஃப்டுக்குத் தாவிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் வீட்டம்மா படிக்கட்டருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சந்தோஷம்ணே. ஆனா அவர் காதுல இத யார் போய்ச் சொல்றது?"

அதனால்தான் தினமும் காலையில், பேனல் சூடேறுவதற்கு முன், உங்கள் வாளியோடு மாடிக்குப் போகிறேன். துடைத்து முடித்ததும் யாரும் இல்லாத மாடியில் வாய்விட்டே சொல்கிறேன்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை பாய். நீங்களும் யாரையும் ஏமாற்றவில்லை.