யாரும் கை கொடுக்கக் கூடாது

ஜூன் 4

இதய டாக்டர் இன்று என் நெஞ்சைப் பார்த்ததைவிடத் தொடையைப் பார்த்ததுதான் அதிகம்.

ஸ்கேனை மூடி வைத்துவிட்டு, "கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருங்கம்மா" என்றார். ஏதோ கண்ணைச் சிமிட்டச் சொன்ன மாதிரி. முன்னால் சாய்ந்தேன், பல்லைக் கடித்தேன், கடவுளைக் கூப்பிட்டேன். நாற்காலி நகர்ந்தது, நான் நகரவில்லை. வழக்கம்போல இடது கையை நீட்டினேன். சின்னவள் ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள்.

"இவங்க யாரு?"

"கொழுந்தன் பெண்டாட்டி."

கைப் பலம் அளக்கும் ஏதோ ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். என் கைக்கு முள் அசைந்ததா இல்லையா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். விளையாட்டாகச் சின்னவளிடம் கொடுத்தார். முள் பாய்ந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று உதறிப் பார்த்தார். "நாப்பது வயசுக்காரங்க பிடிம்மா இது!" அவளுக்கு அறுபத்து நாலு. எனக்கு அறுபத்தெட்டு.

பிறகு என்னிடம் சொன்னார். "வால்வை நான் மாத்திடுவேன். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து நடக்க உங்க உடம்புல சதை வேணும். மூணு மாசம் டைம். யார் கையையும் பிடிக்காம எழுந்து காட்டுங்க, தேதி தரேன். இல்லேன்னா உங்களை டேபிள்ல ஏத்த எனக்கு தைரியம் இல்லை."

"சதைதான் மூட்டை மூட்டையா இருக்கே டாக்டர்."

"அது கொழுப்பும்மா."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நாற்பது வருஷமாக அவள் வாய்வரை வந்து நின்ற சொல். அதைப் படித்த மனுஷன் வாயால் கேட்டுவிட்டாள்.

ஜூன் 5

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜூன் 9

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, "இழுங்க பாட்டி, மூச்சு வாங்கினா நிறுத்திடணும்" என்றாள். இழுத்தேன். கையை விட்டுப் பாய்ந்து கொழுந்தன் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கிழித்தது. "அண்ணி, சரியா போர்ச் செய்தியிலயே அடிச்சிருக்கீங்க" என்றார்.

ரப்பரை இழுத்தா சின்னவளுக்கு அந்தக் கை வந்தது? இந்த வீட்டுக்கு நான் மூத்த மருமகள். எனக்குச் சாவிக்கொத்து, பெரிய நாற்காலி, அதிகாரம். குனிவது, தூக்குவது, பிழிவது எல்லாம் அவளுக்கு. ஜெயித்தது நான் என்றல்லவா நினைத்திருந்தேன்! சொத்து முழுக்க அவள் உடம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாவி.

நாளையிலிருந்து வீட்டு வேலை செய்யப் போகிறேன்.

ஜூன் 10

வேலை கிடைக்கவில்லை.

விடியுமுன் எழுந்து போனால், அதற்குள் வீடு கூட்டித் துடைத்தாகிவிட்டது. "என்னக்கா வேணும்?" என்றாள். "வேலை வேணும்" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கொழுந்தனிடம் தெர்மாமீட்டர் கேட்டாள்.

ஜூன் 16

கேட்டால் கிடைக்காதது திருடினால் கிடைக்கும். துடைப்பத்தை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவள் பழைய துண்டை நனைத்து மண்டியிட்டுத் தரை முழுக்கத் துடைத்துவிட்டாள். இன்னும் நல்ல உடற்பயிற்சி! பதிலுக்கு மாவு டப்பாவை எனக்கு எட்டாத அலமாரியில் ஏற்றினாள்.

"ஊரெல்லாம் வேலைக்கு ஆள் கிடைக்கலைன்னு அழறாங்க. நம்ம வீட்ல ஆளுக்கு வேலை கிடைக்கல" என்கிறார் கொழுந்தன். அவர் மட்டும் எதையும் தேடவில்லை.

ஜூன் 24

அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். "பெரியவ சொல்றேன், வாளியைக் குடு." என் சொல்லை அவள் தட்டியதில்லை. கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவரை போனேன், அங்கிருந்த நாற்காலியில் வாளியோடு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் மகன் உள்ளே வந்தான்.

"ஹார்ட் பேஷண்ட்டைத் தண்ணி தூக்க வெக்கறீங்களா சித்தி?"

"நான்தாண்டா கேட்டேன்" என்றேன்.

"நீயா? வேலையா? கேட்டியா?"

பெற்ற பிள்ளை நம்பவில்லை. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டாள். எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 3

மொட்டை மாடியில் ஈரப் போர்வை. ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம். இரண்டு பேரும் முறுக்கினால்தான் தண்ணீர் வடியும். "விடுங்கக்கா, நானே பிழிஞ்சுக்கறேன்" என்று இழுத்தாள். நான் விடவில்லை. நானும் இழுத்தேன். அவளும் விடவில்லை. மாடி நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணிக்கூடைக்குள் உட்கார்ந்த நிலையில் தோற்றேன்.

எதிர் வீட்டு மாடியில் நாலு தலை தெரிந்தது.

ஜூலை 5

வீட்டுத் தரகர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து நிற்கிறார். இரண்டு குடும்பமும் பிரிந்து வீட்டை விற்கப்போவதாகத் தெருவெல்லாம் பேச்சாம். "போர்வை வரைக்கும் பங்கு வந்துடுச்சாமே" என்று வருத்தப்பட்டார். கொழுந்தன் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, விலை எவ்வளவு போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை என்ன செய்ய!

ஜூலை 12

காலையில் என் நாற்காலியைக் காணோம். பரணில் ஏற்றிவிட்டாளாம். ஒற்றை ஆளாக! மற்ற நாற்காலிகளில் எல்லாம் துணிமூட்டை. ஒன்றில் கொழுந்தன்.

"நான் எங்கடி உக்கார?"

"கீழ."

தரையில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று! உட்கார்ந்தது சுலபம், விழுந்த மாதிரி. எழத்தான் வரவில்லை. கையை நீட்டினேன். அவள் எதிரே நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

திட்டினேன். தெரிந்த வார்த்தை எல்லாம் தீர்ந்துபோய், தெரியாததையும் சொல்லித் திட்டினேன். கடைசியில், "நான் செத்தா உனக்கு நிம்மதிதானேடி" என்றேன்.

கத்திவிட்டாள். "நீங்க போயிட்டா நான் யாருக்கக்கா செய்வேன்? நான் கை குடுத்துக் குடுத்துத்தான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு டாக்டர் ரூம்லயே புரிஞ்சிடுச்சு. அந்தப் பயத்துலதான் எல்லா வேலையையும் ராத்தூக்கம் இல்லாம நானே பண்றேன். சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. எழுந்திருங்க! கை தரமாட்டேன்!"

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரமா அழுகையா வந்தது. புரண்டேன், முட்டி போட்டேன், சுவரைப் பிடித்தேன், எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம். கொழுந்தன் கை தட்டினார். "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

ஜூலை 13

உடம்பில் இத்தனை இடம் இருப்பதே வலித்த பிறகுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 2

போர்வைப் போர் தினமும் நடக்கிறது. இப்போது அழுக்கில்லாத போர்வையைக்கூட நனைக்கிறாள். மூச்சு வாங்கினால் நான் சொல்வதற்குள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுகிறாள். பாத்திரம் எனக்கு, மாவு அவளுக்கு என்று ஒப்பந்தம். இன்று அவளை இரண்டடி இழுத்தேன். விட்டுக்கொடுத்தாளோ? கேட்டால் சத்தியம் செய்கிறாள். அவள் சத்தியத்தை நம்பிக் கெட்டவர்கள் உண்டு.

செப்டம்பர் 3

பரீட்சை. கையைக் கட்டிக்கொண்டேன். முன்னால் சாய்ந்தேன். எழ ஆரம்பித்தேன் – எழுந்துகொண்டுதான் இருந்தேன் – அதற்குள் அந்தக் கை பாய்ந்து வந்து என்னைத் தூக்கிவிட்டது!

"அது செல்லாது" என்றார் டாக்டர்.

"பழக்க தோஷம் டாக்டர்" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டார். கதவு மூடியதும் அறை ஒரே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஐயோ, தனியாவா? தனியாத்தான். எழுந்தேன். உட்கார்ந்து மறுபடி எழுந்தேன். டாக்டர் போதும் என்ற பிறகும் ஒருமுறை எழுந்தேன்.

தேதி கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 19

பேனா கையில் நிற்கமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிறேன். மார்பில் தையல்.

செப்டம்பர் 21

நர்ஸ் பக்கத்தில் நிற்க, கையை ஊன்றாமல் கட்டிலை விட்டு நானே எழுந்தேன். கால் தாங்கியது. பிறகுதான் சின்னவளை உள்ளே விட்டார்கள்.

நான் நிற்பதைப் பார்த்தாள். அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் நிற்கும்போது அவள் உட்கார்ந்து இந்த நாற்பது வருஷத்தில் பார்த்ததே இல்லை. உட்காரத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது. எவ்வளவு களைப்பான முகம்!

மேஜையில் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினேன். பாதி மெத்தையில் கொட்டிவிட்டது.

"நான் துடைக்கறேன்க்கா" என்று எழப் பார்த்தாள்.

"அசையாதடி. குடி" என்றேன்.

குடித்தாள்.