அம்மன் கேசட்டில் ஒரு தொப்பிக்காரன்

டேய்,

என் மகள் தன் மடிக்கணினியில் அந்த விளையாட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து இறக்கிவிட்டாள். படம் வரும் முன் அதே கீச்சொலி. எங்கள் செண்பகனூர் வீட்டில் டேப்ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு, மேசை ஆடினால் விளையாட்டு ஏறாது என்று மூச்சைப் பிடித்துக் கேட்போமே, அந்தச் சத்தம். எனக்கு உன் ரத்தம்தான் நினைவுக்கு வந்தது.

ஏணியேறிப் பழம் பொறுக்கும் அந்தத் தொப்பிக்காரன் எவ்வளவு சாது! அவனுக்காக நாம் சட்டையைக் கிழித்துக்கொண்டோம். பறவை கொத்தி அவன் விழுந்தால் ஆள் மாற வேண்டும். நீ மாற மாட்டாய். நான் முதுகில் குத்துவேன், நீ என் தலையைச் சுவரில் மோதுவாய். அசல் நாடா அறுந்துவிடும் என்று பயந்து உன் வீட்டு அம்மன் பாட்டுக் கேசட்டில் அதைப் பதிந்துகொண்டோம். நீ இல்லாதபோது நான் ஆடிவிடுவேனாம். தினமும் அதை உன் ஊரான பேத்துப்பாறைக்கே எடுத்துப் போவாய். அப்படியொரு சந்தேகப் பிறவி நீ.

உங்கள் ஊர்த் திருவிழாவில் உன் அண்ணன், மேலே ஒட்டியிருந்த பேரை நம்பி, அந்தக் கேசட்டை மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டார். சாமியாடிக்கு அருள் இறங்கி, கிடாய்க்கு மாலை போட்ட நேரம். எல்லாக் குழாயிலும் கீச்சொலி அலறியது. சாமியாடி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாமி மலையேறிருச்சு. ஒன்னாலதாண்டா."

அப்படிக் கத்திய அண்ணன் பந்தல் கட்டையை உருவி உன் இடது காதோடு அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. காதில் ரத்தம் வழிய நீ எழுந்தாய், கிடா வெட்டும் அரிவாளை எடுத்தாய். நான் பின்னாலிருந்து உன்னைக் கட்டிப் பிடித்தேன்.

"விடுலே. அவன் தலைய எடுக்காம விடமாட்டேன்."

என் முன்கையைப் பல் பதியக் கடித்தாய். அரிவாள் கீழே விழும்வரை நான் விடவில்லை.

அந்தக் காது அதன் பிறகு கேட்கவேயில்லை. நீ சாகும்வரை அண்ணனோடு பேசவுமில்லை. உனக்குப் பிள்ளையில்லாததால் அவர்தான் கொள்ளி வைத்தார். என்னைத் தேடி வந்து, "அன்னைக்கு நீ விட்டிருந்தா நான் இல்ல தம்பி" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். அவர் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

சந்தையில் அவரைப் பார்க்கிறேன். பூண்டு மூட்டையைத் தூக்கக் குனிவார், பின்கழுத்து தெரியும். நீ கடித்த இடம் வலிக்கும்.