கை சும்மா இருக்காது

ஜூன் 3, செவ்வாய்

இன்று மையத்துக்கு மூன்று அம்மாக்கள், மூன்றும் மூன்று ரகம். ஒருத்திக்குப் பால் போதவில்லை என்ற பயம். இன்னொருத்திக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடக்கிறது. மூன்றாமவளுக்கு ஒரு குறையும் இல்லை, புருஷனைப் பற்றிப் புலம்ப ஒரு காது வேண்டியிருந்தது. கொடுத்தேன். ‘தாய்ப்பால் ஆலோசகர்’ என்று கதவில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி வேலை பால், பாதி வேலை அழுகை. அழுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

வழக்கமான கேள்வியும் வந்தது. "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க மேடம்?" இல்லை என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அடடா, சமைக்கவே தெரியாதவளிடம் சமையல் கற்க வந்துவிட்டோமோ என்கிற மாதிரி. எனக்குப் பழகிவிட்டது. மகாராஜாவை எடுத்து மடியில் வைத்துப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

மகாராஜா என் பொம்மை. துணி உடம்பு, நிஜக் குழந்தையின் கனம், அழமாட்டான். அதனால்தான் மகாராஜா. கூடவே கம்பளி நூலில் பின்னிய மார்பு ஒன்றும் உண்டு. பையைத் திறந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆலோசகப் பெண்ணிடம் சொன்னேன்: "நம்ம கையில எப்பவும் பொம்மை இருக்கணும். கை காலியா இருந்தா அது அந்தம்மா மேல போயிடும். நாம பொம்மையில காட்டணும், அவங்க குழந்தைகிட்ட அவங்களே செய்யணும். தொடக் கூடாது." தலையாட்டினாள். வாயைத் திறந்து ஒரு ‘சரி’ சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? மனதுக்குள் அவளுக்குப் பேசாமடந்தை என்று பெயர் வைத்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

என் தங்கை வாலுவுக்கு ஆண் குழந்தை! இரண்டு பேரும் சுகம். நான் பெரியம்மா. பெரியம்மா, பெரியம்மா — எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வாலு வீட்டுக்கு வந்துவிட்டாள். பொடியன் கருகருவென்று முடியோடு, கோபக்கார வாத்தியார் மாதிரி இருக்கிறான். வாலு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படியாவது என் பாலே குடுக்கணும்கா" என்றாள். "நான் எதுக்கு இருக்கேன்? ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவ, உனக்கு மாட்டேனா?" என்று மார் தட்டினேன்.

அவளுக்கு ஏன் அந்த ஆசை என்று எனக்குத் தெரியும். வாலு பிறந்த மாதமே அம்மா போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போக, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புட்டியைக் கழுவி, பாலைக் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அவள் வாயில் வைத்தது நான். அப்போது என் கைக்கே வயசு போதாது. புட்டியிலும் நன்றாகத்தான் வளர்ந்தாள், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் தூக்கமும் வராது.

டாக்டர் இன்று பொடியனை எடை போட்டிருக்கிறார். குறைய வேண்டியதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறான். திங்கட்கிழமை மறுபடி பார்க்கலாம், அதுவரை பாலைப் பீய்ச்சிக் கரண்டியிலும் கொடுங்கள், ஏறாவிட்டால் புட்டிப்பால் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானும் அதையேதான் சொல்வேன்.

வேலை முடிந்து நேரே அங்கே ஓடினேன். பையைக் கூடத்தில் போட்டுவிட்டு அறைக்குள் போனால் பொடியன் அழுகிறான், வாலுவும் அழுகிறாள். அவன் கவ்வுவதும் நழுவுவதுமாக இருந்தான். "கொஞ்சம் தள்ளு" என்றேன். ஒரு கையில் அவள் மார்பைப் பிடித்து, இன்னொரு கையால் அவன் தலையைப் பின்னாலிருந்து அழுத்தி, வாயில் வைத்தேன். அவன் வில்லாக வளைந்து வீறிட்டான். விட்டேனா? மறுபடியும். மறுபடியும்.

"விடுக்கா! வலிக்குது!"

"ரெண்டு நிமிஷம் பொறு, இப்ப பிடிச்சுடுவான்—"

"பொறுக்கணுமா? பெத்துப் பாத்தாத்தான் தெரியும் உனக்கு!"

கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன். பையும் அங்கேயே.

என்ன வார்த்தை சொல்லிட்டா. யாரோ சொன்னாப் பரவாயில்லை. அவ சொல்லலாமா?

ஜூன் 11, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது.

அடிப்பாவி, நான் மார்பைப் புட்டி மாதிரியல்லவா அவன் வாயில் வைத்திருக்கிறேன்!

அவளுக்குச் செய்த மாதிரியே. புட்டி என்றால் நாம்தான் வாயில் வைக்க வேண்டும். மார்பு அப்படியா? தலையைப் பின்னாலிருந்து அழுத்தினால் குழந்தை முன்னால் வராது, பின்னால்தான் போகும். எத்தனை மாமியார்களிடம், எத்தனை நர்ஸுகளிடம் வாய் வலிக்கச் சொல்லியிருப்பேன்! மையத்தில் ஒரு நாளும் இந்தக் கை நீண்டதில்லை. தங்கை என்றதும் தன்னால் போய்விட்டது. கையில் மகாராஜாவும் இல்லை.

அவள் சொன்னதும் தப்பு. நான் செய்ததும் தப்பு. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடுவில் பசியோடு கிடப்பவன் பொடியன்.

மதியம் மாப்பிள்ளை போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க மையத்துலேருந்து வேற யாராச்சும்..." இழுத்தார். பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் இடி. பேசாமடந்தையிடம் கேட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க சொல்லித்தான் வரேன்னு அவங்களுக்குத் தெரியலாமா?"

தெரியட்டும் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பேசாமடந்தை போய்விட்டு வந்தாள். கையைக் கழுவினாள். உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்தாள்.

"என்ன ஆச்சு?"

"போயிட்டு வந்தேன் மேடம்."

"அது தெரியுது. பிடிச்சானா? எப்படி உக்காந்திருக்கா? கரண்டியில குடுக்கறாளா?"

"அந்தம்மாவைக் கேக்காம சொல்லக் கூடாதில்ல மேடம்."

சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ‘ஓர் அம்மாவின் விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது, சொந்தக்காரர் கேட்டாலும்.’ என் கையெழுத்துதான். ‘சொந்தக்காரர்’ என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

ஜூன் 13, வெள்ளி

மாப்பிள்ளை வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்கா. நீங்க சாப்ட்டீங்களா?"

"ஈரத்துணி எவ்வளவு விழுது?"

"அதையேன் கேக்கறீங்க! துவைச்சுத் துவைச்சு என் கை ரேகையே அழிஞ்சுபோச்சு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு ஈரம் என்றால் உள்ளே ஏதோ போகிறது என்றுதானே அர்த்தம்! இன்னும் கேட்பதற்குள், "மகாராஜா இங்கதான் இருக்கார்கா, நல்லாத் தூங்கறார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். பின்னாலிருந்து வாலு ஏதோ அதட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

போன் பண்ணவில்லை. போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். அரிக்கிறது.

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தது, வாலுவேதான்.

"ஏறிடுச்சுக்கா! டாக்டர் இதுவே போதும்னுட்டார்!"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வரியா?" என்றாள். "ஆனா கை—"

"பின்னாடி கட்டிக்கிட்டு வரேன்டி."

போனால், ஐயோ, அவள் உட்கார்ந்திருந்த லட்சணத்தை எந்தப் பாடத்திலும் பார்த்திருக்க முடியாது. பாதி உட்கார்ந்து, பாதி படுத்து, ஒரு காலை நாற்காலி மேல் போட்டு. முழங்கைக்கு முட்டுக் கொடுத்தபடி நம் மகாராஜா. எல்லாம் வாலுவே கண்டுபிடித்ததாம். பேசாமடந்தை வந்து, சாய்ந்து படுத்துக் குழந்தையை நெஞ்சின் மேல் விடச் சொல்லிவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம். அவ்வளவுதானாம்.

நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பொடியன் அவள் நெஞ்சில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், எதையோ தொலைத்தவன் போலத் தேடினான். என் விரல்கள் துடித்தன. இன்னும் கொஞ்சம் கீழே, கண்ணு, இன்னும் கொஞ்சம்... சொல்லவில்லை. முகவாயை முதலில் பதித்து, வாயை அகலத் திறந்து, அவனே கவ்வினான். கொஞ்ச நேரத்தில் ‘க்ளுக்... க்ளுக்...’ என்று விழுங்குகிற சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். இன்று மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லியே."

"சொல்லாம இருந்தா வெடிச்சுடுவே. சொல்லித் தொலை."

"கால் மரத்துப் போகும்."

சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். சரியாக அப்போது பார்த்து பொடியன் குடித்ததில் பாதியைக் கக்கினான். துணி, துடைப்பு, மாப்பிள்ளையின் ஓட்டம் — அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நானும் திரும்ப எடுக்கவில்லை.

சந்தோஷமாகத்தான் வந்தேன். ஆனால் அந்த வார்த்தை இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருக்கிறது. பொய் எழுதி என்ன பிரயோஜனம்?

ஜூன் 25, புதன்

பொடியனுக்குக் கன்னம் வந்துவிட்டது. பெரியம்மாவைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறான். என்ன மரியாதை!

ஜூலை 10, வியாழன்

மையத்தில் இன்று அம்மாக்கள் கூட்டம். மகாராஜாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வாலுவும் வந்து, மூலையில் பொடியனோடு இடம் பிடித்துக்கொண்டாள். அதே ஒற்றைக்கால் நாற்காலி ஆசனம். பக்கத்திலிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்துத் தாங்களும் ஆளுக்கொரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். என் பிழைப்பு போயிற்று.

புதிதாக வந்த ஒரு பெண், கண்ணெல்லாம் சிவந்து, தூக்கம் கெட்டுக் கிடந்தாள். நான் சொல்லச் சொல்ல என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டேவிட்டாள்.

"நீங்க இவ்வளவு சொல்றீங்களே மேடம்... உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

அறையில் வாலுவும் இருக்கிறாள், ஆனாலும் பதில் வழக்கமான அந்த ‘இல்லை’தான். வாயைத் திறந்தேன். அதற்குள் மூலையிலிருந்து, பொடியன் மேலிருந்த பார்வையை எடுக்காமலே வாலு சொன்னாள்.

"ஒண்ணு. நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். பேசாமடந்தைகூட வாய்விட்டுச் சிரித்தாள். நான் மகாராஜாவைத் தேடுகிற சாக்கில் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவன் மேஜை மேல்தான் கிடந்தான்.