பத்து நாள் சிரிக்கக் கூடாது

இன்று பல் ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் எனக்கும் ஈறில் ஒட்டுப் போடப் போகிறார்களாம். அன்று உனக்குக் கொடுத்த அதே தாள். சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, தையல் போட்ட பக்கம் பிரஷ் படக் கூடாது, பேச்சைக் குறைக்க வேண்டும், பத்து நாள் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. "கடைசியா இருக்கறதுதான் நிறைய பேருக்குக் கஷ்டம். உங்களால முடியுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். எனக்கென்ன கஷ்டம்? போன ஆவணியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழாமலே போனாய். அன்றிலிருந்து நான் அப்படித்தானே இருக்கிறேன்.

உன் ஈறு தேய்ந்ததற்கு நான்தான் காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போட்டே தலை நரைத்தவன் நான். எதையும் அழுத்தித் தேய்த்தால்தான் பளபளக்கும் என்று கைக்கு ஊறிப்போன பழக்கம். கல்யாணமான புதிதில் நீ பல் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "இப்டி தடவிக் குடுத்துகினு இருந்தா அழுக்கு எப்டி போவும்? அழுத்தித் தேய்மே" என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே கெட்டியான பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வந்தேன். நீயும் நம்பித் தேய்த்தாய். ஈறு மேலே ஏறி வேர் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்ததும், அதையும் அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தச் சொன்னேன். பாலிஷ்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

அப்புறம் நீ சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போக ஆரம்பித்தது. சொந்தக்காரர் கல்யாண போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் நீ வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறாய்.

இந்த டாக்டரம்மாதான் அதற்கு வழி சொன்னார். வழக்கமாக மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறில் ஒட்டுவார்களாம். உனக்கு அங்கே மெல்லிசாக இருந்தது. "கன்னத்துக்குள்ள எல்லாருக்கும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும்மா. அதுல துளி எடுத்து ஈறு தேஞ்ச இடத்துல வெச்சுத் தைப்போம். ரத்த ஓட்டம் வந்து அது பிடிச்சுக்கணும், அதுவரைக்கும் அசையக் கூடாது" என்றார். நான் சும்மா இருக்காமல், "நெறைய எடுத்துக்கோங்க டாக்டர், இவளாண்ட எக்கச்சக்கமா கீது" என்றேன். நீ என் தொடையில் கிள்ளினது இரண்டு நாள் சிவந்திருந்தது.

வலப்பக்கத்தில் இரண்டு பல்லுக்கு ஒட்டுப் போட்டார்கள். நூம்பலில் நம் வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. காலண்டர்த் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி எழுதி என்னிடம் பேசினாய். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேனோ என்ற பயத்தில் உன் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் சிலிண்டர் போட ஆள் வந்தார். நீ வாசற்படி அருகே நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய், ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் டம்ளர். அவர் கேட்டதற்கெல்லாம் நீ தலையை மட்டும் ஆட்டினாய். அவர் பாவப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா அண்ணாத்தே, அக்காவுக்குப் பேச வராதா?"

எனக்கு நாக்கு அரித்தது. "ஆறு நாளாத்தான்பா. இருவது வருசமா வேண்டிகினு இருந்தேன், இப்பதான் சாமி கண்ணத் தொறந்துச்சு."

நீ வெடித்துச் சிரித்தாய். இரண்டு கையிலும் பாத்திரம், மூடிக்கொள்ள வழியில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அதற்குள் உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

ஷேர் ஆட்டோவில் ஓடினோம். ஒரு பல்லின் தையல் அறுந்து ஒட்டு நகர்ந்துவிட்டிருந்தது. "என்னம்மா பண்ணீங்க?" என்று டாக்டரம்மா கோபப்பட்டார். நீ என்னைப் பார்க்காமலே, "தும்மிட்டேன் டாக்டர்" என்றாய். ஒரு பல்லில் ஒட்டு பிழைத்தது, இன்னொன்றில் போனது போனதுதான். திரும்பச் செய்துகொள்ளலாம் என்றதற்கு நீ வேண்டாம் என்றுவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன். ஈறைத் தேய்த்தது நான், ஒட்டைப் பிரித்தது நான், இன்னும் என்ன கேலி வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது. நீ எத்தனையோ தரம் கேட்டாய், "இன்னாயா, கம்முனே கீறே?" என்று. ஒன்றுமில்லை என்றேன். நீ இருந்த கடைசி இரண்டு வருஷமும் ஒன்றுமில்லை என்றே சொன்னேன்.

இன்று என் ஈறைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு அவ தும்மல டாக்டர். நான்தான் சிரிக்க வெச்சேன்."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "தெரியுமே. தையல் பிரிச்ச அன்னிக்கு நீங்க மாத்திரை வாங்கப் போயிருந்தீங்க. அப்பவே அவங்க சொல்லிட்டாங்க. 'ஒரு பல்லு போனா போவுது டாக்டர். எத்தினியோ வருசமா கைய வெச்சு மூடிகினே சிரிச்சேன், அன்னிக்குதான் முழுசா சிரிச்சேன். அந்த மனுசன் ஆறு நாளு பேசாம இருந்ததுதான் எனக்குத் தாங்கல'ன்னாங்க."

பஸ் ஏறினேன். உனக்குத் தாங்காத அந்த ஆறு நாளை நான் இரண்டு வருஷமாக இழுத்திருக்கிறேன். இதை உடனே உன்னிடம் சொல்லி, திட்டு வாங்கி, ஏதாவது கிண்டலடித்து உன்னைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நிறுத்தத்திலிருந்து வேக வேகமாக நடந்து வந்தேன். பூட்டில் சாவியைப் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

நீ போன பிறகு உன்னைப் பற்றி நான் கேட்ட ஒரே புதுச் சேதி இது. மற்றதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவை. டாக்டரம்மா அந்த ஒன்றையும் இன்று சொல்லிவிட்டார். இனி உன்னைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.