ஜெபமணி சார் ஏன் மட்டையைப் பற்றிக் கேட்டார்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். அடுக்களை ஓடு ஒழுகுகிறது, ஆள் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு.

பத்து மணிக்கு ஜெபமணி சார் போன். அக்கா மகள் ஷைனிக்கு நிச்சயித்திருக்கும் பையனின் அப்பா. ரிட்டயர்டு இஞ்சினியர். பேச்சிப்பாறையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர், அணையையே தான் கட்டியதுபோல் பேசுவார். சிலருக்கு அப்படி ஒரு குணம்.

சனிக்கிழமை காலை கிளப்புக்கு ஸ்குவாஷ் ஆட வரவேண்டுமாம். தோஹா சாம்பியன் ஆட்டத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். பிறகு சும்மா கேட்பதுபோல், "உங்களுக்க மட்டை துளியா, வட்டமா?"

துளி என்றேன். முதலில் காதில் விழுந்ததைச் சொல்வதுதான் புத்தி.

ஏன் கேட்டார்? ஆடக் கூப்பிடுகிறவன் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பான். மட்டையின் வடிவத்தைக் கேட்பானா? ஏதோ இருக்கிறது.

தோஹா விஷயம் அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் கேக் தின்றபடி சொன்னது. அரபி முதலாளிகளோடு ஆடினேன், ஒரே அடியில் பந்து சுவரில் போய் ஒட்டிக்கொண்டது, ஏணி வைத்து எடுத்தார்கள். இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஏசி வேலைக்குப் போன கிளப்பில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் பாதி ஆடினதுதான். ஏணி இருந்தது உண்மை. என் ஏணி.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். கீரை உருவுவதை நிறுத்தவில்லை. "ஏலே, நீ அண்ணைக்கு அவங்ககிட்ட ரெண்டு காரியம் சொன்ன. ஒண்ணு பொய்யி, ஒண்ணு சத்தியம். பொய்யி பிடிபட்டா சத்தியத்த ஆரு நம்புவா?"

சத்தியம் என்று அவள் சொன்னது அத்தான், ஷைனியின் அப்பா, செத்த விஷயம். சுசீந்திரத்துக்கு இந்தப் பக்கம் கால்வாய்க் கரையில் ஸ்கூட்டரோடு கிடந்தார், மூச்சு இருந்தது, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குடித்து விழுந்தார் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. குடியில்லை, நெஞ்சுவலி. அந்தப் பேச்சால் ஷைனிக்கு வந்த ஒரு சம்பந்தம் முன்பே நின்றது. ஜெ. சார் வீட்டில் கேட்டபோது நான் சொன்னேன். என் வாயை நம்பித்தான் சரி என்றார்கள்.

கோயிலில் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு, போன ஞாயிறு வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். மூன்றாவது ஓலை முடியும்வரை எவன் வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம்.

ஜூன் 10, புதன்

வெயில், மழை, மறுபடி வெயில். நா.கோவில் போனேன். விளையாட்டுச் சாமான் கடை.

கடைக்காரன் இரண்டு மட்டையை எடுத்துப் போட்டான். துளி: தலைக்கும் கைப்பிடிக்கும் இடையில் பாலம் கிடையாது, நரம்பு கீழே வரைக்கும் நீளமாக ஓடுகிறது, தொட்டாலே பந்து பறக்கும், ஓங்கி அடிக்கிறவனுக்கு. வட்டம்: குறுக்கே ஒரு பாலம், நரம்பு குட்டை, வேகம் குறைவு, ஆனால் பந்து நினைத்த மூலையில் போய் விழும், மெல்லப் போடுகிறவனுக்கு.

"உங்களுக்க ஆட்டம் எப்பிடி அண்ணாச்சி?"

இந்தக் கேள்விதான் வம்பு. எல்லா விதமும் என்றேன். காற்றில் நாலு வீசு வீசிக் காட்டச் சொன்னான். பார்த்துவிட்டு வட்டத்தை என் பக்கம் தள்ளினான்.

ஏன் வட்டம்? விற்காமல் கிடப்பதைத் தலையில் கட்டுகிறானா? அல்லது யாராவது சொல்லி வைத்தார்களா? பேசும்போது போனை இரண்டு தரம் பார்த்தான். ஜெ. சார் வீடு அடுத்த தெரு.

துளி மட்டைக்கு இங்கிலீஷில் கண்ணீர்த்துளி என்று பெயராம். கல்யாணத்தை வைத்துக்கொண்டு கண்ணீரை வாங்குவதா என்று மனசு இடித்தது. ஆனால் போனில் சொல்லியாயிற்று. துளியே வாங்கினேன். அவன் முகத்தில் ஏமாற்றம். அப்போதே தெரிந்தது, நான் செய்தது சரி.

மட்டிப்பழம் மறந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

மழை இல்லை. பின்சுவரில் அடித்துப் பார்த்தேன். பந்து துள்ளவே இல்லை. செத்த பந்தைத் தந்து ஏமாற்றிவிட்டான் என்று கடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது, தோஹாவில் முதலில் அடித்து அடித்துச் சூடாக்குவார்கள். திரும்பி வந்து தோசைக்கல் பக்கத்தில் வைத்தேன். துள்ளியது. ரப்பர் நாற்றம்.

பக்கத்து வீட்டுச் செல்லத்துரை மதில்மேல் தலையை நீட்டி, "என்னவே, சொவரு என்ன செஞ்சு உம்ம?" என்றான். இவனும் ஜெ. சாரும் ஒரே பேங்கில் கணக்கு. கவனிக்க வேண்டும்.

ஷைனி வந்தாள். "மாமா, போவாண்டாம். ஒங்களுக்கு வயித்துவலின்னு நான் சொல்லுகேன்." போகாவிட்டால் அதுவே சாட்சி என்றேன். என் வெள்ளை பனியனுக்குத் தேய்ப்புப் போட்டுத் தந்தாள். தேய்க்கும்போது முகம் சரியில்லை.

ஜூன் 13, சனி

கைகால் எல்லாம் வலி. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜெ. சாரிடம் வட்ட மட்டை. கைப்பிடித் துணி கறுத்துப் போனது. எனக்கு முதல் ஆட்டத்தில் இரண்டு பாயிண்ட். ஏழு என்று வைத்துக்கொள்ளலாம், ஐந்து மயிரிழையில் போனவை. துளி மட்டை மோசம் செய்தது: நான் தடவினால் அது அடிக்கிறது, மெல்லப் போட நினைத்த பந்தெல்லாம் சுவரில் பட்டு அவர் கைக்கே திரும்பி வந்தது.

ஓடி ஓடி மூச்சு வாங்கியது. பந்து எங்கே வந்தாலும் தரையில் விழுமுன் பாய்ந்து எடுத்தேன். இரண்டாம் ஆட்டம் பாதியில் அவர் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, பந்து ஒருக்கா தரையில குத்தலாம்."

தோஹா பாணி என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது தோஹா இல்ல, பூப்பந்து. நீங்க முன்னால நிக்குற ஆளு, இல்லியா?"

உண்மை. சபை வாலிபர் அணியில் முன்வரிசை நான்தான். அந்த மஞ்சள் கம்பளிப் பந்து தரையைத் தொட்டால் பாயிண்ட் போயிற்று. மயிலாடி அணி என் கையைப் பார்த்தே பாதி தோற்கும். கை பழகினதை மறக்கவில்லை, அதுவே என்னைக் காட்டிக் கொடுத்தது. ஐம்பத்தெட்டு வருஷம் என்னோடு இருந்த கை.

"அப்போ தோஹாவுல?"

"ஏசி."

துண்டை எடுத்து முகத்தை நிதானமாகத் துடைத்தார். பிறகு கேட்டார். "பிள்ளைக்க அப்பா காரியம் சொன்னியளே. அது?"

இதற்குத்தான் மட்டையில் தொடங்கியிருக்கிறார். எனக்கு ஏணி, அரபி, ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆட்டோவுல எனக்க மடியிலதான் கிடந்தாரு. மூச்சு எனக்க மொகத்துல பட்டு. மணம் ஒண்ணும் இல்ல. மத்தியானம் தின்ன நார்த்தங்கா ஊறுகா மணம்தான். ஆஸ்பத்திரி வாசல்ல அதும் நிண்ணு போச்சு."

பையைக் கட்டினார். போகும்போது, "தோஹா கதைய எனக்க மொகத்தப் பாத்து சொன்னிய. இதத் தரையப் பாத்து சொல்லுதிய" என்றார்.

என்ன அர்த்தம்? தரையைப் பார்த்துப் பேசுகிறவன் பொய்யன் என்றா?

ஜூன் 14, ஞாயிறு

இரண்டாம் ஓலை. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு புது முகம் இருந்தது. விசாரித்தேன். எலக்ட்ரிஷியனாம். இருக்கலாம்.

ஜூன் 17, புதன்

ஜெ. சார் போன் இல்லை. நேற்றும் இல்லை. பையன் மட்டும் ஷைனியோடு பேசுகிறானாம். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லி, சாதாரணமாகப் பேசு என்று பழக்கி வைத்திருக்கிறார்.

செல்லத்துரை இன்று தானாகவே பலாப்பழம் தந்தான். ஒருநாளும் தராதவன்.

அக்கா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். நான் பழம் வாங்கிக்கொண்டு போனது தெரிந்ததாகவே காட்டவில்லை.

ஓடு ஒழுகுவது நிற்கவில்லை. ஆள் வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

விடியும்போதே பெருமழை. கோயிலில் கூட்டம் குறைவு.

இரண்டாம் பாட்டு பாடும்போது ஜெ. சார் உள்ளே வந்தார். அவருடைய சபை வேறு, ஓலை அங்கேயும் இன்று வாசிப்பார்கள். இங்கே அவருக்கு என்ன வேலை? கையில் நீளமாக ஒரு பை. ஈரக்குடையை மடக்கி என் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தேன். தலையை அசைத்தார். எந்தப் பக்கம் அசைத்தார் என்று புரியவில்லை.

பெண்கள் பக்கம் ஷைனி அவரைப் பார்த்துவிட்டாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் பெயர்களை வாசித்தார். மூன்றாவதும் கடைசியுமான ஓலை, தடை சொல்ல யாராவது உண்டா என்றார். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். வேதப்புத்தகத்தை இறுக்கிப் பிடித்ததில் அட்டை வளைந்துவிட்டது. இருமல். ஒரே ஒரு இருமல். போதகர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

வெளியே வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். ஜெ. சார் அக்காவிடம் கல்யாணச் சமையலுக்கு ஆள் யார் என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா பதில் சொல்லச் சொல்லவே கண்ணைத் துடைத்தாள். ஷைனி என் கையை ஒருதரம் அழுத்திவிட்டு விட்டாள்.

பிறகு பையைத் திறந்து என்னிடம் நீட்டினார். அவருடைய வட்ட மட்டை. "துளி ஒங்களுக்கு ஒத்துவராது அண்ணாச்சி. நீங்க மெல்லப் போடுற ஆளு. சனிக்கிழம வாங்க. ஆனா பந்த ஒருக்கா குத்த விடணும்."

கடைக்காரனும் இதைத்தான் சொன்னான். இருவரும் பேசி வைத்தது இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து நரம்பை விரலால் தட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வு. தளர்த்தித்தான் தந்திருப்பாரோ?