தங்கச்சி துடைத்து வைக்கும் ஓடு

இன்று பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். அந்தோனியார் சுரூபம் வைத்த தட்டைத் துடைப்பதற்காக உன் தங்கச்சி, கடலில் கிடைத்த அந்த ஓட்டை எடுத்து என் கையில் தந்தாள். முட்டைக் கோதுபோல மெல்லியது. நான் அதோடு அப்படியே திண்ணையில் குந்திவிட்டதைக் கண்டு, தேத்தண்ணி குடிக்காமல் வந்தீங்களோ அண்ணை என்று கேட்டாள். ஓம் என்றேன். அது பொய்.

மச்சான், இதை எழுதுவது நான்தான். வேறு ஒருவரும் எழுதித் தரவில்லை. ஆறு மாதமாகக் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். ஒரு வரி எழுத ஒரு சுருட்டு பிடித்து முடிக்கும் நேரம் ஆகிறது. ஆனாலும் 'ழ' வளைந்து வரும்போது எனக்குத் தானாகவே சிரிப்பு வருகிறது. முந்தி பஸ் போர்டுகளை நீதான் வாசித்துச் சொல்வாய். ஒருநாள் பருத்தித்துறைக்குப் போகவிருந்த என்னைக் காரைநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "ரெண்டெழுத்துப் படிச்சிருந்தா உனக்கு இந்தக் கேடு வருமோ?" என்று கேட்டுச் சிரித்தாய். இப்போது ஊரில் உள்ள எல்லாப் போர்டையும் வாசிக்கிறேன். நீதான் இல்லை.

நாம் சங்கு எடுக்கக் கடலில் குளித்த காலத்தில், சங்கு அல்லாத ஓடெல்லாம் நமக்குச் 'சில்லறை'. எதற்கும் தனிப்பெயர் இல்லை. பெயர் இல்லாததால் பயமும் இல்லை. அழகான சில்லறை கிடைத்தால் தங்கச்சிக்கு என்று உன் இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் போட்டுவிடுவேன். என் வீட்டில் அதை வாங்கி வைக்க ஆள் இல்லையே.

அன்று கற்பாறையோர மணலில் அதை எடுத்தேன். வெளிர்சிவப்பு கலந்த வெள்ளை, மேலே மண்ணிறத்தில் வலை பின்னியதுபோலக் கோடுகள். நீ வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

"உதை ஏன்டா என்ர பைக்குள்ள போடுறாய், பாரமாக்கிறாய்."

"இதென்ன பாரம்? தங்கச்சி தட்டில வைக்கட்டும்."

பிறகு இரண்டு தரம் மூழ்கினாய். வள்ளத்தில் ஏறி இருந்து, "சொண்டு விறைக்குதடா" என்றாய். காலையிலிருந்து ஓயாமல் கதைத்த சொண்டு, கொஞ்சம் ஆறட்டும் என்று பகிடி விட்டேன். நீயும் சிரித்தாய். கரை இரண்டாகத் தெரிகிறது என்றாய். எங்கே நோகுது என்று கேட்டேன். நோகவில்லை என்றாய். கரை வருமுன் உன் மூச்சு நின்றுவிட்டது.

இடுப்பில் நுளம்பு கடித்ததுபோல ஒரு புள்ளி. கடல் பாம்பு என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அந்த ஓட்டைக் கழுவிக் காயவைத்துத் தங்கச்சியிடம் கொடுத்தேன். "இது அவன் கடைசியா உனக்கெண்டு எடுத்தது" என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்ன பொய் அது. பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் அதைத் துடைத்து, முத்தமிட்டு வைக்கிறாள்.

போன வியாழன் மண்டபச் சுவரில் கடல் உயிர்களின் படம் ஒன்றைப் புதிதாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் வாசித்தேன். 'கூம்பு நத்தை.' அதே வலைக்கோடு, ஓட்டின் தோளில் வரிசையாகச் சின்ன முனைகள், கீழே போகப் போக அகலும் நீண்ட வாய். கீழே எழுதியிருந்தது: உயிருள்ளதைத் தொடக்கூடாது, உடலோடு ஒட்டிய பையில் போடக்கூடாது. ஊசிபோன்ற பல்லால் துணிக்குள்ளாலும் குத்தும். நோகாமலும் இருக்கலாம். உதடு விறைக்கும், பார்வை மங்கும், மூச்சு நிற்கும்.

நான் வாசித்தது பிழையாக இருக்க வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, திரும்பவும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிழை இல்லை. வகுப்பு ரீச்சரையும் வாசிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் வாசித்தார். பக்கத்தில் ஒரு உலகப் படம். செங்கடலிலிருந்து இந்து சமுத்திரம் முழுக்க, அவுஸ்திரேலியாவும் தாண்டி, அது வாழும் இடமெல்லாம் நிறம் தீட்டியிருந்தது. எங்கள் கரையைத் தேடினேன். என் பெருவிரலுக்குள் மறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய கடலில் அது என் கைக்குத்தான் வந்ததா, மச்சான்?

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தங்கச்சியிடம் சொன்னால், உன்னுடையது என்று அவள் வைத்திருக்கும் கடைசிப் பொருளும் போய்விடும். சொல்லாவிட்டால், உன்னைக் கொன்ற ஓட்டை நான் பார்த்திருக்கவே அவள் முத்தமிட்டுக்கொண்டிருப்பாள். வாசிக்கத் தெரியாமலே செத்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் நீ பஸ் நிலையத்தில் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது.

இன்று உன் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அவள், "முதல் எழுதுற காயிதத்தை என்னட்டைக் காட்டுங்கோ அண்ணை, பிழை திருத்தித் தாறன்" என்றாள். காயிதம் இதுதான். வருகிற ஞாயிறு கொடுப்பேன். சிவப்புப் பேனையோடு இருப்பாள். றகரமும் ளகரமும் பிழைத்திருக்கும், திருத்தட்டும். ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டியிராது. கொப்பியில் பல தரம் எழுதிப் பழகி, ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்:

அந்த ஓட்டை உன் பையில் போட்டது நான்.