அரை நித்தியம் போதும் என்றார் உன் அப்பா

அன்புள்ள ஹேசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், நாய் பிஸ்கெட் நலம், உன் அப்பாவும் நலமாக இருப்பதாக பிஸ்கெட் மூலமாகத் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் நேற்று வரைக்கும் மூன்று வாரமாக எனக்கும் அவருக்கும் பேச்சே இல்லாமல் இருந்தது. நீயும் மாப்பிள்ளை க்ராண்ட்டும் சௌக்கியம்தானே, பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டுகிற சாக்கில் ஒட்டுக்கேட்பார். ஒரு ஷூவுக்கு முக்கால் மணி நேரம் நாடா கட்டுகிற மனுஷன் பர்மிங்காமிலேயே அவர் ஒருத்தர்தான்.

வருகிற சனிக்கிழமை எங்கள் கல்யாணத்துக்கு முப்பத்தைந்து வருஷம் நிறைகிறது, சர்ச் ஹாலில் எண்பது பேருக்கு விருந்து சொல்லியாகிவிட்டது, அது உனக்கே தெரியும். கூத்து அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து பார்த்தால் என் மோதிர விரலைச் சுற்றி பச்சையாக ஒரு கோடு, கையெல்லாம் சோப்பு வாசனை. ஏதோ தோல் வியாதி என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன், அவரும் முகத்தைச் சுளித்து ஒரு களிம்பு கொடுத்தார், நானும் பத்து நாள் பூசினேன். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அப்படியா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழாய் மூட்டில் போடுகிற பித்தளை வளையத்தை நான் தூங்கும்போது மாட்டி அளவு பார்த்து, அது சிக்கிக்கொண்டு, சோப்புப் போட்டு உருவியெடுத்தவர் அவரேதான்! ஓய்வு பெற்றாலும் பிளம்பர் பிளம்பர்தான்.

பிறகு ஒருநாள் கோட்டை மாட்டு கிளெனிஸ், நகைக்கடைத் தெருவுக்குப் போறோம், உனக்கு நித்திய மோதிரம் என்றார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் புருஷன் பெண்டாட்டிக்குப் போடுகிற கல் மோதிரம் ஆயிற்றே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவு பிரிக்கிறவரைக்கும் என்று சொல்லித்தான் கல்யாண மோதிரம் போட்டார், நித்தியம் என்றால் அதற்கு மேலேயும் சேர்த்துத்தானே. கடைக்காரர் பார்ஜெட்டர் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். ஒன்றில் வளையம் முழுக்கச் சுற்றிக் கல் பதித்தது, அது முழு நித்தியம். இன்னொன்றில் மேலே மட்டும் கல், உள்ளங்கைப் பக்கம் வெறும் தங்கம், அது அரை நித்தியம். நான் முழுசை விரலில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா பையிலிருந்து அந்தப் பித்தளை வளையத்தை எடுத்து அளவுக்கு நீட்டினார். பார்ஜெட்டர் பாவம் கண்ணாடியைப் போட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது உங்க குடும்பத்து நகைங்களா சார் என்று கேட்டார். அந்த அவமானம் போதாதென்று உன் அப்பா அத்தனை பேர் முன்னாலும், இவளுக்கு அரையே போதும் என்றார்.

முப்பத்தைந்து வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு அரையாம்! மீதிப் பாதிக்கு எங்க போறதா உத்தேசம், யார் கூட என்று கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். சனிக்கிழமை நான் வரமாட்டேன், கேக் பக்கத்தில நீங்களே நின்னு போட்டோ எடுத்துக்கோங்க என்றும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாம் பிஸ்கெட் வழியாகத்தான். உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு அடுப்பில இருக்குன்னு. உங்க அம்மாகிட்ட சொல்லு, உப்பு கம்மின்னு. செய்திக்கு ஒரு துண்டு சாசேஜ் கூலி. பிஸ்கெட் தின்று பெருத்து இப்போது கதவு வழியாக நுழையவே யோசிக்கிறது.

நேற்றுக் காலை எதிர்வீட்டு பெரிலிடம் அழலாம் என்று போனேன். அவளுடைய முழு நித்திய மோதிரம்தான் தெருவே அறிந்ததாயிற்றே. போனால் அது விரலிலேயே இல்லை, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்குகிறது. வெரல் வீங்கிப்போச்சுடி, மூட்டைத் தாண்டி ஏற மாட்டேங்குது, பெருசாக்கித் தாங்கன்னா சுத்திவர கல்லு, எங்க வெட்டித் தங்கம் சேக்குறதுன்னு கடையில கையை விரிச்சுட்டாங்க என்றாள். நகைக்கடையில் நடந்ததை நான் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்து, இதெல்லாம் உன் புருஷன் கிளைவுக்குத் தெரியுமே, போன மாசம் நோட்டுப் புத்தகத்தோட வந்து ஒரு மணி நேரம் என் கழுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாரே, தப்பா எடுத்துக்கப் போறேன்னு பயந்துட்டேன் என்றாள். கிளெனிஸுக்குக் குளிர் வந்தா மூட்டு வீங்குது, வருஷா வருஷம் கொஞ்சம் கூடுது, வெட்டிப் பெருசாக்க எடம் விட்டுத்தான் வாங்கணும் என்றாராம். ஏண்டி, அதைக் கடையில எல்லார் முன்னாடியும் சொல்ல அவருக்கு வாய் வருமா என்று கேட்டாள். என் கை வலியை இந்த மனுஷன் கவனிக்கிறார் என்றே எனக்குத் தெரியாது ஹேசல். பெரிலின் சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன், ஆனாலும் ரோஷம் விடுமா. பிஸ்கெட், உங்க அப்பாகிட்ட சொல்லு, அரையே போதும்னு அம்மா சொல்றாங்கன்னு என்றேன். அவர் பேப்பரை இறக்காமல், பிஸ்கெட், உங்க அம்மாகிட்ட சொல்லு, அவ பஸ் ஏறின அன்னைக்கே வாங்கியாச்சு, ஸ்பானர் பெட்டியில இருக்கு என்றார். தொண்ணூத்தஞ்சு வயசு வரைக்கும் வெட்டிச் சேக்க அதுல எடம் இருக்காம்னு சொல்லு, அதுக்கு மேல வேணும்னா முழுசா ஒண்ணு வாங்கிக்கலாம்னு சொல்லு என்றார். சாசேஜ் வராததைப் பார்த்து பிஸ்கெட் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டது, அதனால் நாங்களே நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கல்யாண மோதிரத்துக்கு மேலே போட்டிருக்கிறேன். மாவு பிசைந்தால் சுழன்று கல்லெல்லாம் உள்ளங்கைக்குப் போய்விடுகிறது, சனிக்கிழமை எண்பது பேருக்கும் உள்ளங்கையைக் காட்டித்தான் கையாட்டப்போகிறேன். க்ராண்ட் உனக்கு எது வாங்கினாலும் வெட்டிச் சேர்க்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லு, நீ தூங்கும்போது விரலைப் பத்திரமாக வைத்துக்கொள். கடவுள் உங்கள் இரண்டு பேரையும் நன்றாக வைத்திருக்கட்டும். பிஸ்கெட்டின் புதுப் பெல்ட்டுக்கு அளவு எழுதியிருக்கிறேன், அங்கே பெரிய நாய்க்கு உள்ளது கிடைத்தால் மறக்காமல் அனுப்பு. எனக்குத் தொண்ணூற்றைந்து ஆக இன்னும் முப்பத்தெட்டு வருஷம் இருக்கிறது ஹேசல், முப்பத்தெட்டு வருஷம் இந்த மனுஷனோடு, எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் கம்மியாகத்தான் தெரிகிறது.

முழு அன்புடன், அரை அல்ல,
உன் அம்மா
கிளெனிஸ்